எவர் எதிர்பாராத மரணம்?

நுரையீரற் புற்றுநோயுடன் வைத்தியசாலை விடுதியிலே கிடந்த ஒருவர், மாலையில் தேநீர் அருந்திப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவரோடு உரையாடிய பின்னர், விடியுமுன் இறந்துபோகின்றார். அடுத்த நாள் உறவினர் ஒருவரையொருவர் நோக்கி, “எதிர்பாராத விதமாக முடிந்துவிட்டது” என்கின்றனர். விடுதியில் உள்ளோரும் அதனையே சொல்கின்றனர். மரண அறிவித்தலும் அவ்வாறே அச்சாகின்றது. இக்கட்டுரை அந்தச் சொற்றொடருக்கு எதிராக எழுதப்படுவதாகும்.

மரணத்துக்கு எதிராகக் கட்டுரை எழுதுவதனாற் பயனில்லை. ஆனால், ஒரு மரணத்தை மூடிவைக்கும் சொல்லுக்கு எதிராக எழுதலாம், எழுதவும் வேண்டும். கலைப்பீடத்து மாணவருக்கு இவ்விடயத்தில் என்ன அலுவல் என்று மருத்துவபீடத்து நண்பர்கள் வினவக்கூடும். நோய் அவர்களது துறை. சொல் எமது துறை. இங்கு ஆராயப்படுவது, ஒரு சொல் ஒரு நோய்க்குச் செய்துகொண்டிருக்கும் ஊழியமே.

‘எதிர்பாராத’ என்பது ஒரு பெயரெச்சம். அதன் வினைக்கு எழுவாய் ஒன்று வேண்டும். எதிர்பாராதிருந்தவர் யார்? நோயாளியா? குடும்பத்தினரா? வைத்தியரா? மருத்துவ விஞ்ஞானமா? இவ்வினாவை எழுப்பியவுடனே அச்சொற்றொடர் தடுமாறத் தொடங்குகின்றது. ஏனெனில், இந்நால்வரும் ஒரே அளவில் அறியாதிருக்கவில்லை. ஒருவர் அறிந்திருந்தார், இன்னொருவர் பாதி அறிந்திருந்தார், இறந்தவர் மாத்திரம் ஒன்றும் அறியாது இறந்தார். எழுவாயை மறைத்த வாக்கியம் இந்த ஏற்றத்தாழ்வையும் சேர்த்தே மறைத்துவிடுகின்றது.

மருத்துவ விஞ்ஞானத்தை முதலில் நோக்குவோம். காலின் நாளங்களில் உறைந்த குருதிக்கட்டி பெயர்ந்து சென்று நுரையீரல் நாடியை அடைக்கக்கூடும் என்பதை ஜேர்மனிய நோயியலாளர் றுடோல்ப் விர்ச்சோ 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே விளக்கினார். புற்றுநோயாளரிடத்தில் இவ்வாறு குருதி உறையும் தன்மை மிகுந்திருப்பதனை 1865ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரில் ஆர்மண்ட் துறூசோ எடுத்துரைத்தார். பின்னர் 1867இல் தமது உடம்பிலேயே அந்த நாள அழற்சியைக் கண்டபோது, தமக்குள்ளே வளர்வதும் புற்றுநோயே என அவர் ஐயமற உணர்ந்தார். அவ்வாண்டிலேயே வயிற்றுப் புற்றுநோயால் மாண்டார். இன்றும் அந்நிலைக்கு மருத்துவ நூல்களில் அவரது பெயரே வழங்குகின்றது. ஆகவே, நுரையீரற் புற்றுநோயாளர் ஒருவர் நுரையீரல் நாடி அடைபட்டு நொடிப்பொழுதிற் சரிந்து வீழ்வது, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக மருத்துவம் அறிந்த ஒன்றாகும்.

வேறு வழிகளும் உள. சுவாசப்பையின் நடுப்பகுதியில் வளரும் கட்டி பெரிய குருதிக்கலம் ஒன்றை அரித்துவிடின், வாயால் இரத்தம் பெருகிச் சில நிமிடங்களில் உயிர் பிரியும். பல வேளைகளில், அதற்கு முந்திய நாட்களிலோ வாரங்களிலோ சளியுடன் சிறிது இரத்தம் வெளிப்பட்டிருக்கும். புற்றுநோய் இதயத்தைச் சூழ்ந்த உறைக்குப் பரவி அங்கே நீர் தேங்கினால், அந்நீரின் அழுத்தத்தால் இதயம் விரிய இயலாது நின்றுபோகும். மருந்துச் சிகிச்சையினால் வெண்குருதிக் கலங்கள் குறைந்திருக்கும் வேளையிற் காய்ச்சல் ஏற்படின், அக்கிருமித் தொற்று ஒரே நாளில் உயிரைக் கொண்டுசெல்லக்கூடும். புகைத்தலினாற் சுவாசப்பையோடு இதய நாடிகளும் கெட்டுப்போயிருப்போருக்கு மாரடைப்பும் அருகிலேயே நிற்கும்.

இந்த மரணங்கள் எந்த நாழிகையில் நிகழும் என எவராலும் கூற முடியாது. அதனை நாம் ஒப்புக்கொள்கின்றோம். ஆனால், நாழிகையை அறியாமை வேறு. நிகழக்கூடும் என்பதை அறியாமை வேறு. மாரிகாலத்தில் வாடைக்காற்று வீசும்போது கடலுக்குச் செல்லும் மீனவர், எந்த அலை வள்ளத்தைக் கவிழ்க்கும் என்பதை அறியார். ஆயினும் காலம் எத்தகையது என்பதை அறிந்தே செல்வார், அல்லது கரையில் நிற்பார். காற்றின் செய்தியை அவரிடமிருந்து மறைத்துவிட்டு, வள்ளம் கவிழ்ந்தபின் “எதிர்பாராத விபத்து” என்று கரையில் நின்று அழுவோமாயின், அந்த அழுகைக்கு என்ன பெயர் சூட்டுவது?

நமது சமூகத்தில் நிகழ்வது இதுவே. நோய் நிர்ணயம் செய்யப்பட்டதும் வைத்தியர் மூத்த மகனையோ மருமகனையோ புறத்தே அழைத்துச் செல்கின்றார். தாழ்வாரத்தில் இரண்டு நிமிட உரையாடல். பின்னர் மகன் முகத்தைத் துடைத்துக்கொண்டு கட்டிலருகே வந்து, “சளிக்கட்டுத்தான் ஐயா, மருந்துக்கு மாறிவிடும்” என்கின்றான். அக்கணமே நோயாளி தமது உடம்பின் உரிமையாளர் என்னும் நிலையிலிருந்து நீக்கப்படுகின்றார். அவருக்காகப் பிறர் அறிகின்றனர், பிறர் தீர்மானிக்கின்றனர், பிறர் அழுகின்றனர். இறப்பது மட்டுமே அவருக்கு விடப்படுகின்றது.

இந்த மறைப்பினை அன்பு என்று சொல்லி நியாயப்படுத்துவோர் உளர். அன்பை நாம் மறுக்கவில்லை. ஆனால், அவ்வன்பு எதைப் பறிக்கின்றது என்பதைக் கணக்கிடல் வேண்டும். நோயின் பெயரை அறிதல் என்பது ஆறுதல் சம்பந்தமான விடயம் மாத்திரமன்று. அது சிகிச்சையின் ஓர் அங்கமுமாகும். தமக்குப் புற்றுநோய் உண்டு என்றும், அதனால் காலில் இரத்தம் உறையக்கூடும் என்றும் அறிந்தவர், ஒரு கால் வீங்கி நோகும்போது தாதியை உடனே அழைப்பார். சளியிற் கண்ட செந்துளியைத் துடைத்து மறைக்காது காட்டுவார். காய்ச்சல் தொட்ட அன்றே வைத்தியசாலைக்கு வருவார். தமக்கு வெறும் சளிக்கட்டு என்று நம்புபவர் இவற்றுள் எதனைச் செய்வார்? குருதி உறைவதைத் தடுக்க மருந்துண்டு. இதயவுறையில் தேங்கிய நீரை ஊசியால் வடிக்கலாம். தொற்றினை உரிய நேரத்தில் மருந்திட்டு அடக்கலாம். எல்லோரையும் இவற்றாற் காப்பாற்ற முடியாதெனினும், சிலரைக் காப்பாற்றலாம்; பலருக்குச் சில மாதங்களை ஈட்டிக் கொடுக்கலாம். எனவே, அறிவை மறைத்தல் சிலருக்கு மருந்தை மறைத்தலேயாகும்.

எனது பெரியதந்தையார் இவ்வாறு இறந்தவர்களுள் ஒருவர். அரசாங்க வைத்தியசாலை ஒன்றிலே அவருக்குச் சுவாசப்பையிற் புற்றுநோய் என்று கண்டறிந்தனர். குடும்பத்துப் பெரியவர்கள் கூடி, அவருக்குச் சொல்வதில்லை எனத் தீர்மானித்தனர், வைத்தியரும் இசைந்தார். அவரது இடது கெண்டைக்கால் வீங்கியிருந்தது. கட்டிலிலேயே கிடந்ததனால் வந்த வீக்கம் என்று அவர் எண்ணினார். வீட்டிலிருந்து கொண்டுவந்த எண்ணெயைப் பெரியம்மா இரண்டு நாட்களாகத் தேய்த்தார். விடுதியைச் சுற்றிவந்த வைத்தியரிடம் அதைப்பற்றி அவர் கூறவில்லை. காலுக்கும் சளிக்கும் தொடர்பிருக்கும் என அவர் எவ்வாறு நினைப்பார்? திங்கட்கிழமை வீடு செல்லலாம் என்று கூறப்பட்டிருந்தது. ஞாயிறு காலை மலசலகூடத்துக்கு எழுந்து நடந்தவர் வாசற்படியில் விழுந்தார். வெளிநாட்டிலிருந்த மகளுடன் அவர் பேசவில்லை. இளைய மகனுக்கெனச் சொல்லியிருந்த காணிக்கு உறுதி எழுதவில்லை. அதன் பொருட்டு இரு சகோதரர்கள் இன்றுவரை முகம் பார்ப்பதில்லை. அவரது உயிரைப் பறித்தது குருதிக்கட்டியா, வேறொன்றா என்பது எமக்குச் சொல்லப்படவில்லை, எவரும் ஆராயவுமில்லை. மரண அறிவித்தலில் மாத்திரம் ‘எதிர்பாராத விதமாக’ என்ற சொல் தவறாது இடம்பெற்றது.

இவ்வாறு கூறும்போது எழும் மறுப்புகளுக்கு விடையிறுத்தல் கடமையாகும்.

முதலாவது மறுப்பு: “உண்மையைச் சொல்வது மேனாட்டு வழக்கம், நமது பண்பாடு வேறு.” இது வரலாறு அறியாதோர் கூற்று. 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிக்காகோ நகர வைத்தியசாலை ஒன்றின் வைத்தியர்களிடையே டொனால்ட் ஓக்கன் நடத்திய ஆய்விலே, ஏறத்தாழ 90 சதவீதத்தினர் புற்றுநோயாளிக்கு அவரது நோயைச் சொல்லாதிருப்பதையே விரும்பினர். 1979இல் அமெரிக்க வைத்தியர்களிடம் அதே வினாக்கள் கேட்கப்பட்டபோது 97 சதவீதத்தினர் சொல்வதையே விரும்பினர். 18 ஆண்டுகளில் ஒரு பண்பாடு தலைகீழாக மாறிவிடுமா? மாறியது பண்பாடன்று, தொழில் வழக்கமே. அவர்களும் நேற்றுவரை மறைத்தவர்களே. அவர்கள் கைவிட்ட வழக்கத்தை நாம் எடுத்து, ‘எமது தொன்மை’ என்று பெயரிட்டுப் போற்றுகின்றோம்.

நமது தொன்மை உண்மையில் என்ன சொல்கின்றது? மருந்தினைப் பற்றிக் கூறும் குறள் அதிகாரத்தின் இறுதியிலே வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக்குகின்றார்: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பேணுபவர். முதலில் வைக்கப்பட்டவர் நோயுற்றவர். நாமோ அவரை நான்காம் இடத்திலிருந்தும் நீக்கி, மூன்று கூறுகளைக்கொண்டு மருத்துவம் நடத்துகின்றோம். வடக்கிருந்து உயிர்நீத்த கோப்பெருஞ்சோழனைப் பாடிய இலக்கியம் நம்முடையது. நிலையாமையைத் தனி அதிகாரமாகவே வகுத்த நூல் நம்முடையது. இத்தகைய இலக்கியத்தைப் பரீட்சைக்குப் படித்து விட்டு, மரணம் என்ற சொல்லைக் கேட்கும் வலிமை தமிழருக்கு இல்லை என்று வாதிடுவது வேடிக்கையாகும்.

இரண்டாவது மறுப்பு: “சொன்னால் மனமுடைந்து விரைவில் இறந்துவிடுவார்.” இதற்கு ஆதாரம் கேட்டால், அயலூரில் எவருக்கோ நடந்ததாக ஒரு கதையே கிடைக்கும். 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஜெனிபர் டெமலும் அவரது சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறானதொன்றைக் காட்டிற்று. பரவிய நிலையிலுள்ள நுரையீரற் புற்றுநோயாளர் 151 பேர் இரு பிரிவினராக வகுக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையுடன், ஆரம்பத்திலிருந்தே நோய்த்தணிப்புப் பராமரிப்பும் வழங்கப்பட்டது. நோயின் போக்கு யாது, நோயாளி எதனை விரும்புகின்றார் என்பனபற்றித் திறந்து பேசுதல் அப்பராமரிப்பின் ஒரு பகுதியாகும். அப்பிரிவினர் மனச்சோர்வு குறைந்தவராய் இருந்தனர். இறுதிநாட்களில் பயனற்ற கடுஞ்சிகிச்சைகளுக்கு உட்பட்டோரும் அவர்களிடையே குறைவு. அவர்களது இடைநிலை ஆயுள் 11.6 மாதங்கள், மற்றப் பிரிவினரது 8.9 மாதங்கள். பேச்சு மாத்திரமே இவ்வேறுபாட்டைத் தந்தது என நாம் கூறவில்லை. ஆனால், பேச்சு கொல்லும் என்ற வாதம் இந்த ஆய்வின் முன் நிற்காது.

மூன்றாவது மறுப்பு வைத்தியரிடமிருந்து வருவது: “கட்டிலுக்கு இருவர் கிடக்கும் விடுதியில், ஒவ்வொருவருடனும் அமர்ந்து பேச எமக்கு நேரம் எங்கே?” இம்மறுப்பில் உண்மை உண்டு. நமது நாட்டின் இலவச மருத்துவம் குறைந்த செலவில் நிறைந்த சேவை புரிவது. அதன் பாரம் இளம் வைத்தியரதும் தாதியரதும் தோளிலேயே விழுகின்றது. ஆதலால் எமது குற்றச்சாட்டு தனி வைத்தியர்மீது அன்று. மருந்துக்கு நிரல் வகுத்து, பேச்சுக்கு நிரல் வகுக்காத ஒழுங்கமைப்பின் மீதே நாம் குற்றஞ்சாட்டுகின்றோம். 2011ஆம் ஆண்டில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை பலர் நடந்து, தெல்லிப்பழையிலே புற்றுநோய் வைத்தியசாலைக்கென நிதி திரட்டினர். போற்றத்தக்க செயல் அது. கட்டடத்தை நடந்தும் எழுப்பலாம். அதனுள்ளே ஓர் அறையும், கதவைச் சாத்திவிட்டு அரைமணி நேரம் பேசுவதற்கு ஓர் ஆளும் வேண்டும் என்பதை யார் கோருவது?

இங்கே மொழிப் பிரச்சினை குறுக்கிடுகின்றது. வைத்தியசாலையை விட்டு வெளியேறும்போது தரப்படும் ‘டயக்னோசிஸ் காட்’ பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றது. அதில் ‘சீஏ’ என்ற ஈரெழுத்துக் குறியீட்டின் பின்னே ஒருவரது எஞ்சிய வாழ்நாள் ஒளிந்திருக்கின்றது. மலையகத் தோட்டமொன்றிலிருந்து மகரகமவுக்கு இரவுப் பயணம் செய்து வரும் தொழிலாளி, சிங்களம் தெரிந்த மகனையோ அயலவரையோ துணைகொள்ள வேண்டியுள்ளது. அத்துணைவர் எதை மொழிபெயர்த்தாரோ அதுவே நோயாளியின் நோய். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அத்தமிழ் பெயர்ப்பலகைகளில் ஏறியதேயன்றிக் கட்டிலருகே வரவில்லை. தமிழால் இயலாது என்று எவரும் கூற வேண்டாம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஷ் கிறீன் மானிப்பாயிலே மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். அந்நியர் ஒருவர் அன்று ஆற்றிய பணியை, பட்டதாரிகள் நிறைந்த நாம் இன்று ஒரு துண்டுப்பிரசுர அளவிலேனும் ஆற்றினோமா?

இன்னொரு தரப்பினர் உளர். அவர்கள், “புகைத்தார், அனுபவித்தார்” என்று முடித்துவிடுவர். புகைத்தலுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்குமுள்ள தொடர்பு ஐயத்துக்கு அப்பாற்பட்டதே. 1950இல் இலண்டன் வைத்தியசாலைகளில் றிச்சட் டொல், பிறட்போர்ட் ஹில் ஆகியோர் ஆராய்ந்த 649 ஆண் நோயாளருள் இருவர் மட்டுமே புகையாதவர். ஆயினும், புகையாதோரும் பெண்களும் இந்நோயால் மாள்கின்றனர் என்பது ஒருபுறமிருக்க, புகைத்தவர் ஒருவருக்கு அவரது நோயைக் கூறாதிருக்க அவரது குற்றம் எவ்வாறு காரணமாகும்? குற்றவாளிக்குக்கூடத் தீர்ப்பு வாசித்துக் காட்டப்படுகின்றது. உண்மையில் இம்மரணங்களை நன்கு எதிர்பார்த்தவர்கள் வேறெவருமல்லர், சிகரட் கம்பனியினரே. 1954 சனவரியில் அமெரிக்கக் கம்பனிகள் நானூறுக்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் விளம்பரமிட்டுத் தமது பொருள் கேடற்றதெனத் தாம் நம்புவதாகக் கூறின. அன்று விதைக்கப்பட்ட ஐயம் பல தசாப்தங்கள் விளைச்சல் தந்தது. நமது நாட்டிலே விளம்பரத்தையும், 21 வயதுக்குட்பட்டோருக்கு விற்பதையும் தடைசெய்யும் சட்டம் 2006ஆம் ஆண்டிலேதான் வந்தது. வாடிக்கையாளரின் மரணம் இலாபக் கணக்கில் எதிர்பார்க்கப்பட்ட செலவாகவும், அதே மரணம் அவரது வீட்டில் எதிர்பாராத பேரிடியாகவும் இருப்பதைவிடக் கொடிய அநீதி எது?

இறுதியாக, ‘திடீர் மரணம்’ என்ற சொல் விசாரணையையும் தடுத்துவிடுகின்றது. வீதியில் ஒருவர் திடீரென இறந்தால், 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி திடீர் மரண விசாரணை அதிகாரி ‘ஏன்’ என்று வினவுகின்றார். புற்றுநோய் விடுதியில் ஒருவர் திடீரென இறந்தாலோ, நோயின் பெயரே போதிய விடையாகிவிடுகின்றது. மொர்காக்னி 1761இல் உடல்களைத் திறந்து நோயின் இருப்பிடங்களை எழுதிய நாள்முதல் மருத்துவம் இறந்தோரிடமிருந்தே கற்றுவந்தது. நுரையீரல் நாடி அடைப்பு உயிருள்ளபோது கண்டறியப்படாது பிரேத பரிசோதனையிலேயே வெளிப்படுதலை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. உடலைக் கூறுபோடுவதை விரும்பாத உறவினரின் உணர்வை நாம் மதிக்கின்றோம், கட்டாயம் வேண்டாம். ஆனால், காரணம் அறிய விரும்பும் குடும்பத்துக்கு அவ்வாய்ப்பு வழங்கப்படல் வேண்டும். விரும்பாதவிடத்து, குறிப்பேட்டைத் திறந்து வைத்து, கால் வீங்கியிருந்ததா, இரத்தம் கண்டதா, காய்ச்சல் இருந்ததா என விடுதியிலுள்ளோர் ஒருமுறையேனும் தம்முள் வினவுதல் வேண்டும்.

ஆகவே நாம் கோருபவை சிலவே. நோயாளி கேட்க விரும்பின் அவருக்கே முதலிற் சொல்லுக. விரும்புகின்றாரா என்பதை அவரிடமே வினவுக. அறிய விரும்பாதவரின் விருப்பமும் மதிக்கப்படுக. எவ்வறிகுறி தோன்றின் உடனே அழைக்க வேண்டும் என்பதனைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாளில் அச்சிட்டு, கிளினிக் கொப்பியோடு இணைத்துக் கொடுக்குக. திடீர் முடிவு நேரக்கூடும் என்பதை, பேசவும் உறுதி எழுதவும் விடைபெறவும் காலம் இருக்கும்போதே கூறுக. நோய்த்தணிப்புப் பராமரிப்பை இறுதி வாரத்துக்குரிய சலுகையாகக் கொள்ளாது, முதல் வாரத்திலேயே தொடங்குக.

இவற்றுள் தாளை அச்சிடுவதற்கு அரசாங்க ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மருத்துவபீட மாணவர் விடயத்தைத் தரட்டும். கலைப்பீட மாணவர் மொழியைத் தரட்டும். விழா மலர்களுக்கும் வாழ்த்துரைகளுக்கும் தாள் தேடிக்கொள்ளும் தமிழ்ச் சங்கம், இதற்கும் தேடிக்கொள்ளலாம். அத்தாள் ஒரு விடுதியிலேனும் கட்டிலருகே கிடக்கும்வரை, மரண அறிவித்தல் எழுதும் எவரும் ‘எதிர்பாராத’ என்ற சொல்லைத் தொடுமுன் அதன் எழுவாயைத் தேடிப் பார்ப்பாராக.